நிலவு இல்லாத அட்டை

1962 ஜூலை 10, செவ்வாய்
இன்றும் பள்ளி அதிபர் நுணுக்குக்காட்டியைத் தரவில்லை. அலுமாரிப் பூட்டின் திறப்பு அவர் இடுப்பிலேயே கிடக்கிறது. "உடைஞ்சா ஆர் பதில் சொல்லுற, டீச்சர்?" பின்னே, அழகு பார்க்கவா வாங்கினது? கிண்ணியாவுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்து இரண்டு வருடம். கையில் தந்தது சோக்குக்கட்டி மட்டும்தான்.

இன்னும் பதினைந்து நாளில் திருகோணமலையில் மாணவர் விஞ்ஞானக் கண்காட்சி. எங்களிடம் இருப்பது எட்டாம் வகுப்பு நஜ்முன் நிஸாவின் வேலை ஒன்றுதான். இறங்குதுறைக் கம்பத்தில் அங்குலக் கோடு கீறி, மூன்று மாதமாகக் கடலின் வற்றுப்பெருக்கை அளந்திருக்கிறாள். பரிசு கிடைத்தால் ஜனவரியில் பட்டணத்து விடுதியில் விட்டு விஞ்ஞானம் படிப்பிப்பதாக அவள் வாப்பா சொல்லியிருக்கிறாராம். இங்கே ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானம் இல்லை. பரிசு இல்லாவிட்டால் படிப்பும் இல்லை, வீடுதான்.

ஜூலை 12
நிஸா அளவுகளை எழுதின அட்டையைக் கொண்டுவந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேதியெல்லாம் பிறைக் கணக்கு! பிறை ஒன்று, பிறை இரண்டு...

"வாப்பா வலைக்குப் போறதும் பிறை பார்த்துத்தான், டீச்சர்."

"இதென்ன மீன்பிடிக் கொப்பியா? நடுவர்மார் சிரிப்பினம். ஏப்ரல், மே, ஜூன் எண்டு மாத்தி எழுது!"

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "கதையாதே, எழுது!" என்று கத்திவிட்டேன்.

ஜூலை 13
எழுதிக்கொண்டு வந்தாள். நல்ல கையெழுத்து. முகத்தைத்தான் தூக்கி வைத்திருக்கிறாள். இருக்கட்டும்.

ஜூலை 25, புதன்
தோற்றுப்போனோம்.

நடுவர் கேட்டார், கடல் ஏறி இறங்க என்ன காரணம் என்று. "நிலவு, சேர்" என்றாள். "அப்ப இந்த அட்டையில நிலவு எங்க, பிள்ளை?"

எங்கே! நான் அழிப்பித்தது அதைத்தானே. பிறைத் தேதியோடு விட்டிருந்தால், தலைப்பிறைக்கும் முழு நிலவுக்கும் கடல் கூடுதலாக ஏறினது எவருக்கும் தெரிந்திருக்கும். அதைத்தான் அவள் அன்றைக்குச் சொல்ல வந்திருக்கிறாள்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர்தான் மாத்தச் சொன்னவ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்கலாமே — பெரிய மனிசர் முன்னால் வெட்கமாம் எனக்கு! வாயை மூடிக்கொண்டு நின்றேன். மடச்சி. மடச்சியிலும் மடச்சி.

ஜூலை 26
பள்ளிக்கு அவள் வரவில்லை.

ஜூலை 28, சனி
அவள் வாப்பா ஸெய்னுதீனிடம் போனேன். முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பிழை என்னுடையது என்றேன்.

"மகள் ஒண்டும் சொல்லல்லியே" என்றார். ஒரு முடிச்சை இறுக்கிவிட்டு, "அதை அங்க வெச்செல்லோ சொல்லியிருக்கணும், டீச்சர்?"

தேத்தண்ணி வந்தது. அரைவாசியோடு வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 30
நடுவர்மாருக்குக் கடிதம் எழுதிப் போட்டேன், பெயரும் கையொப்பமும் வைத்து. அதிபர் துள்ளுகிறார். "பள்ளிக்கூடத்தின்ட மானத்தை வாங்கிட்டீங்க!" துள்ளட்டும்.

பிரதியொன்றை ஸெய்னுதீனிடம் கொடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நிஸாவைக் கூப்பிட்டு உரக்க வாசிக்கச் சொன்னார், என் முன்னாலேயே. "பிழை முழுவதும் ஆசிரியையாகிய என்னுடையது" என்ற இடத்தில் அவள் குரல் தாழ்ந்தது.

"கேக்கல்ல. திரும்ப வாசி."

வாசித்தாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 18
பதில் வந்தது. முடிவு முடிவுதானாம். இரண்டே வரி.

1963 ஜனவரி 6, ஞாயிறு
விடுமுறை முடிந்து கிண்ணியாவுக்குத் திரும்பினேன். படகால் இறங்க, கரையில் ஸெய்னுதீன் ஒரு தகரப் பெட்டியோடு நிற்கிறார். பின்னால் புது வெள்ளைச் சட்டையில் நிஸா. நாளைக்குப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் தொடங்குது என்றாள்.

பரிசு இல்லாமலே அனுப்புகிறார்!

"என்ன டீச்சர், பார்த்துக்கொண்டு நிக்கிறீங்க?" என்றார் ஸெய்னுதீன். "ஒரு பக்கம் பிடிங்க. பெட்டி பாரம்."

பிடித்தேன்.