வலமுறுக்குப் படிகம்

மயிலாப்பூர்
22-11-1997

செல்லம் அனன்யாவுக்கு அப்பாவின் ஆசிகள். நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், நீயும் அப்படியே இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறோம். மழை விட்டபாடில்லை, மாடவீதியில் முழங்கால் தண்ணீர். ஷீலாவிடமிருந்து ஏன் பதிலே இல்லை என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை அம்மா.

உன்னோடு படித்த அந்தப் பெண்தான் எங்கள் அடையாறு ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்த்துத் தந்தாள், மின்சாரம் செலுத்தி அளப்பது என் வேலை என்பது உனக்குத் தெரியும். ஏடு ஏடாக அடுக்கிய படிகம்; ஒவ்வொரு ஏடும் கீழே இருப்பதைவிடக் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும். காந்தத்துக்கு நடுவே வைத்தால் அதில் மின்சாரம் மேல்நோக்கிச் சுலபமாகவும் கீழ்நோக்கிச் சற்றுத் தடைபட்டும் போயிற்று. முறுக்குதான் காரணமென்றால் வலப்பக்கம் முறுக்கிய படிகத்தில் இது தலைகீழாக வர வேண்டும். அதை வளர்க்கத்தான் ஷீலா படாத பாடு பட்டாள். போன மாதம் உலையிலிருந்து எடுக்கும்போது படிகம் வளர்ந்த கண்ணாடிக் குழாய் அவள் முகத்தருகே வெடித்துவிட்டது. அவளுக்கு வலது கண் போய்விட்டது, இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, இனித் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா தினமும் தேனாம்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ரசம் சாதம் கொண்டுபோகிறாள், திரும்பி வந்தால் யாருடனும் பேசுவதில்லை.

முதல் நாளே ஷீலா என்னிடம், படிகம் ஏதாவது மிஞ்சியதா என்றுதான் கேட்டாள். தரையைக் கூட்டவிடாமல் சில்லுகளுக்கு நடுவே தேடினேன். உடையாமல் ஒன்றே ஒன்று கிடைத்தது, வலமுறுக்குதான். அளந்தேன். தலைகீழாகத்தான் வந்தது. மறுநாள் கட்டிலருகில் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கம்பியை மாத்திப் போட்டுப் பாத்தீங்களா சார்?" என்றாள். பார்த்தேன், அப்போதும் முடிவு மாறவில்லை என்றேன். தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டு இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அவள் அம்மா செண்பகம் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். கோபமே இல்லாமல்தான் கேட்டாள், "இத்த கண்டுபுட்ச்சதுல எம் பொண்ணுக்குப் பார்வ வந்துருமா சார்?" இன்றுவரை அந்த ஆஸ்பத்திரி வாசல்படி ஏற எனக்குக் கால் கூசுகிறது, ஆனாலும் போகிறேன்.

நீயும் ஆய்வுக்கூடத்தில் நிற்கிறவள், கண்ணுக்குக் கவசம் இல்லாமல் உலைப் பக்கம் போகாதே. இரும்பு மாத்திரையை நிறுத்தாதே. உன் வேலையும் உடம்பும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக நடக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஷீலாவுக்குக் கடிதம் எழுதாதே கண்ணா, கேசட்டில் பேசி அனுப்பு. அவளே படித்துக்கொள்ள இனி முடியாது, வேறு யாராவது படித்துக் காட்ட வேண்டியிருக்கும். நீ பேசினால் உன் குரலையாவது அவள் கேட்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
பத்ரிநாராயணன்