அலை விடுகிற நேரம்

மடுல்சீமை
மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு அம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி குறைந்திருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் "எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடுவீர்கள். அதனால் கேட்காமல் நினைத்துக்கொள்வதோடு நிறுத்திவிட்டேன்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போன் அப்பாவுடையது. தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போனால்தான் சிக்னல் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா அங்கே நின்று ஸ்பீக்கரில் போடுவார். நான், விதுஷா, பக்கத்து வீட்டு மாடசாமி மாமா, தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நிற்போம். உங்கள் குரல் லயத்து வரிசை வீடுகள் முழுவதற்கும் சொந்தம். அங்கே நின்று மனதில் இருப்பதைச் சொல்ல முடியாது. லீவில் வந்திருந்த பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பரிமளம் அக்கா வெள்ளிக்கிழமை மறுபடியும் அங்கே குவைத்துக்குப் புறப்படுகிறார். அவர் கையில் இதை ஒட்டிக் கொடுக்கிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில் நல்ல செய்திகள். புதுவீட்டுச் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மழைக்காக அப்பா மேலே தகரம் வைத்து மூடியிருக்கிறார். விதுஷாவுக்கு முன்பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் அகலம்தான். எனக்குத் தவணைப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு எண்பத்தொன்பது. வருஷக் கடைசியில் சாதாரண தரப் பரீட்சை. இப்படியே படித்தால் பதுளையில் விடுதியில் தங்கி உயர்தரம் விஞ்ஞானம் படிக்கலாம் என்று டீச்சர் சொன்னார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பார்க் விஷயம்தான்.

ஏப்ரலில் மூன்று வாரம் லீவில் வரும்போது ஒரு நாள் எல்லோரும் பார்க் போவோம், எங்கே என்று பிள்ளைகளே சொல்லட்டும் என்று போன மாதம் சொன்னீர்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. கட்டுநாயக்கா பக்கம் இருக்கிற, குளத்தில் அலை விடுகிற வேவ் ஐலண்டா, பண்டாரவளைக்கு அப்பால் புதிதாகத் திறந்திருக்கிற மிஸ்டி லேண்டா என்பதுதான் கேள்வி. பேஸ்புக்கில் இந்த இரண்டு பார்க்கும் சண்டைக்கோழி மாதிரி. "மலையில் அலை வருமா?" என்று ஒன்று போடும். அடுத்த நாளே "வெயிலில் கருகிப்போக ஆசையா?" என்று மற்றது போடும். அப்பா வேலை விட்டு வந்ததும் போனைக் கொடுத்தால், நானும் விதுஷாவும் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் ஓடிப்போய், புதிதாக யார் யாரைத் திட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்போம்.

போன ஞாயிறு வாசலில் ஒரு விவாதமே நடந்தது. அப்பா நடுவர். வேவ் ஐலண்ட் பக்கம் நான். மிஸ்டி லேண்ட் பக்கம் மாடசாமி மாமா, ஏனென்றால் வளைவு ரோட்டில் அவருக்கு வாந்தி வரும், பண்டாரவளை என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். அவர் எழுந்து, "அங்க குட்டி ரயில் இருக்கு, கயித்துல தொங்கிப் போறது இருக்கு, பனி இருக்கு" என்றார். நான் விட்டேனா? "நடுவர் அவர்களே! கதவைத் திறந்தால் எங்கள் வீட்டுக்குள்ளேயே பனி வருகிறது. காசு கொடுத்துப் பனி பார்க்கும் ஒரே குடும்பம் என்ற பெயர் நமக்கு வேண்டுமா? வருஷம் முழுவதும் குளிரில் நடுங்குகிற நாங்கள், ஒரு நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் நின்றால் குற்றமா?" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். "இவ வக்கீலுக்குத்தான் படிப்பா மச்சான், நான் தோத்துட்டேன்" என்று மாமா உட்கார்ந்துவிட்டார்.

விதுஷா வேவ் ஐலண்டுக்கு வாக்களித்ததற்குக் காரணம் என் பேச்சு இல்லை. அவள் படங்களை மட்டும்தான் பார்த்திருக்கிறாள். மிஸ்டி லேண்ட் ரயிலில் பிள்ளைகள் மட்டும் ஏறுகிறார்கள், அம்மாக்கள் வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். வேவ் ஐலண்ட் குளத்தில் அம்மாவும் பிள்ளையும் ஒன்றாகக் கைபிடித்துத் தண்ணீரில் நிற்கிறார்கள். "அக்கா, அலை வரும்போது அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டே இருக்கலாம்ல?" என்று கேட்டாள். இருக்கலாம் என்று சொன்னேன்.

அன்று மாலை அப்பா உங்களுக்கு எடுத்து, வேவ் ஐலண்ட் என்று முடிவாகிவிட்டது என்றார். நீங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "பிள்ளைங்க ஆசப்பட்ட மாதிரியே செய்ங்க" என்றீர்கள். சிக்னல்தான் விட்டுவிட்டுப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். பார்க் போவது புத்தாண்டு வாரத்தில் என்றுதான் நானும் விதுஷாவும் நினைத்திருந்தோம். யாரும் எங்களுக்குத் தேதி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

புதன்கிழமை தண்ணீர் எடுக்கப் போனபோது அப்பா வேன்காரர் ஸரூக் அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. "ஆமா தம்பி, அவ திரும்பிப் போற அன்னைக்கேதான். காலையில பார்க், பின்னேரம் ஏர்போட், ரெண்டுக்கும் ஒரே ஹயர். அங்கயிருந்து ஏர்போட் கிட்டதான?" என்றார். அதற்கு அவர் என்ன சொன்னாரோ, அப்பா, "பின்னேரம் கடைசியா ஒருக்கா அலை விடுவாங்களாம். சின்னவ அதுல இருக்கையில நீங்க அவங்கம்மாவக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிருங்க. போன தடவ மாதிரிதான்" என்றார்.

போன தடவை என்றால் என்னவென்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், அம்மா.

நம் தோட்டத்தில் யாராவது வெளிநாடு போனால் வேன் பிடித்துக் குடும்பமே வழியனுப்பப் போகும். இடம் மிஞ்சினால் பக்கத்து வீடும் ஏறும். போகிற வழியில் பிள்ளைகளுக்கு எதையாவது காட்டுவார்கள். புவியியல் பாடத்தில் கடலைப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்று சார் கேட்டபோது ஏழு பேர் உயர்த்தினோம். ஏழு பேரும் அம்மாவை வழியனுப்பப் போனவர்கள். சார் பாடத்துக்குப் போய்விட்டார்.

போன தடவை நீங்கள் புறப்பட்ட அன்றைக்கு நீர்கொழும்பில் கடற்கரைப் பக்கம் குதிரை ராட்டினம் இருந்தது. விதுஷாவுக்கு நான்கு வயது. ஒவ்வொரு சுற்றிலும் உங்களைப் பார்த்துக் கையாட்டினாள். இறங்கி வந்தபோது நீங்கள் நின்ற இடத்தில் அப்பா நின்றார். அம்மா கடைக்குப் போயிருக்கிறார், வழியில் ஏறிக்கொள்வார் என்று சொன்னோம். திரும்பி வரும்போது வேனில் தன் பக்கத்து இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை. மஹியங்கனை தாண்டும்வரை அந்த இடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தாள். பிறகு தூங்கிப்போனாள்.

இதை நான் உங்களிடம் சொன்னதில்லை. அங்கே தனியாக இருக்கிறவரிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன். இன்னும் ஒன்று சொல்கிறேன். கோயில் திருவிழாவுக்கு ராட்டினம் வரும்போதெல்லாம் விதுஷா ஏறமாட்டேன் என்று அழுவாள். உயரத்துக்குப் பயம் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் கொய்யா மரத்தின் நுனிவரை ஏறுகிறவள். அவளுக்கு ஏறுவதற்குப் பயமில்லை அம்மா, இறங்குவதற்குத்தான் பயம்.

வியாழக்கிழமை நான் மறுபடியும் வாசலில் விஷயத்தைக் கிளப்பினேன். யோசித்துப் பார்த்தேன், மிஸ்டி லேண்டே நல்லது, புத்தாண்டுக்கு மறுநாளே போய்விடலாம் என்றேன். மாடசாமி மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். "இந்தா, கட்சி மாறிட்டா! அடுத்த எலெக்ஷன்ல நிக்கப் போறா!" என்றார். "பனியப் பாக்கக் காசானு கேட்டது யாரு? நீதானடி?" என்றார் அப்பா. என்னிடம் இருந்தது ஒரே ஒரு காரணம். அதைக் கேட்கக்கூடாத பிள்ளை என் மடியில் உட்கார்ந்திருந்தது. நான் எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு விறகு எடுக்கப் போனபோது அப்பா என் பின்னால் வந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவரைப் பற்றிக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அம்மா. அவர் விறகைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "எனக்கு மட்டும் கல்லு நெஞ்சாம்மா? சின்னவ அழுது கையப் புடிச்சா உங்கம்மா பிளேன் ஏறமாட்டா. ஏறலைன்னா வீடு அப்படியே நிக்கும். நீ பதுளைக்குப் போறதும் நிக்கும். இன்னும் ரெண்டே வருஷம்" என்றார். பிறகு, "நீதான் அவளத் தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போகணும். வேற யாரு கூடயும் இறங்கமாட்டா" என்றார்.

நான் மீதி விறகைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். உள்ளே வந்தால் விதுஷா உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிற துவாயை எனக்குக் காட்டினாள். தண்ணீரிலிருந்து வந்ததும் துடைக்க என்றாள்.

அன்றிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சுவர் இருக்கிறது. விதுஷாவிடம் சொன்னால் நீங்கள் வந்து இறங்குகிற நாளிலிருந்தே அழ ஆரம்பித்துவிடுவாள், மூன்று வாரமும் வீணாகும். சொல்லாவிட்டால் அவள் கையைப் பிடித்து நானே கூட்டிப்போக வேண்டும். போகாதீர்கள் என்று உங்களிடம் கேட்கலாம் என்றால், நீங்கள் போவதே என் படிப்புக்காகத்தான் என்கிறார்கள். பிறகு நான் எந்த வாயால் கேட்பது? புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரிகிறது, ஒன்றும் உள்ளே போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். பதுளை இல்லாவிட்டால் நான் கிட்டே இருக்கிற லுணுகலையில் கலைப்பிரிவு படிப்பேன். தமிழும் வரலாறும் எனக்குப் பிடித்த பாடங்கள்தான். இதை உங்களை நிறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் முடிவு செய்யும்போது என்னை ஒரு காரணமாக வைக்க வேண்டாம் என்பதற்காகத்தான் சொல்கிறேன். போவதா இருப்பதா என்பதை நீங்கள் மட்டும்தான் சொல்ல முடியும்.

பார்க் விஷயத்தையாவது என் கையிலிருந்து எடுத்துவிடுங்கள், அம்மா. அடுத்த ஞாயிறு அப்பா போன் எடுக்கும்போது, மிஸ்டி லேண்டுக்குப் போவோம், புத்தாண்டுக்கு மறுநாளே போவோம் என்று நீங்களே சொல்லுங்கள். காரணம் எதுவும் வேண்டாம். நீங்கள் சொன்னால் அப்பா மறுக்கமாட்டார். மாமாவும் சந்தோஷப்படுவார். ரயிலில் விதுஷா ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து பார்க்கும்போது, வேலிக்கு வெளியே விட்ட இடத்திலேயே நீங்கள் நிற்க வேண்டும். மாலையில் அதே வேனில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் வீட்டுக்கு வரவேண்டும். அந்த ஒரு நாள் அவளுக்குக் கிடைக்கட்டும்.

அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டுமென்றால் ஏர்போட்டுக்கு நேராகப் போங்கள். வழியில் எங்களுக்கு எதையும் காட்ட வேண்டாம். புறப்படுவதற்கு முன் நம் வாசலில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே, போகிறேன் என்று விதுஷாவிடம் நீங்களே சொல்லுங்கள். அவள் அழுவாள். நிறைய அழுவாள், தரையில் விழுந்துகூட அழுவாள். அழட்டும். அழுகிற பிள்ளையை நான் பிடித்துக்கொள்வேன், அம்மா. எவ்வளவு நேரமானாலும் பிடித்துக்கொள்வேன். சிரித்துக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்க மட்டும் என்னால் முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பாரம் தூக்காதீர்கள். கடவுள் உங்களைப் பத்திரமாக எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உங்கள் மூத்த பிள்ளை,
யசோதினி