அப்பாவின் மறதி அட்டவணை

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம். அதிலும் அப்பா சுகம் என்பதை இப்போதுதான் என்னால் நிம்மதியாகச் சொல்ல முடிகிறது. நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, உன் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் இன்னும் உன்னைப் போட்டுப் படுத்துகிறாரா என்று விவரமாக எழுது. போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம். அன்றாட மறதியைப் பற்றிய உன் ஆராய்ச்சிக்காக எங்களுக்கு ஆளுக்கொரு நோட்டு அனுப்பினாயே, முப்பது நாளும் அன்றன்று எதை மறந்தோமோ அதை எழுத வேண்டும், ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது என்று, அதில் அப்பாவின் நோட்டைக் கணக்கில் சேர்த்துவிடாதே. ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் படி.

நோட்டு வந்த முதல் வாரத்திலேயே அப்பாவின் போக்கு மாறிவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் ரயில்வே அலுவலகத்தில் கால அட்டவணை போட்டவர், ஒரு நிமிஷம் பிசகாதவர், திங்கட்கிழமை குடையை நூலகத்தில் விட்டுவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை மூக்குக் கண்ணாடியை ஃபிரிஜ்ஜில் வைத்தார். புதன்கிழமை ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மறு காலில் பழுப்பு. வியாழக்கிழமை, பத்தொன்பது வருஷமாக எதிர்வீட்டில் இருக்கும் தையல்காரரைப் பார்த்து "நீங்க யாருங்க?" என்று கேட்டுவிட்டார். அந்த மனுஷர் கோபத்தில் அப்பாவின் கால்சட்டையைத் தைக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். நான் வெளியே சிரித்துச் சமாளித்தாலும் உள்ளுக்குள் ஆடிப்போய்விட்டேன் குட்டி. இன்றைக்குத் தையல்காரர், நாளைக்கு என்னையும் யார் என்று கேட்டுவிடுவாரோ என்று, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். உனக்குச் சொன்னால் போட்டது போட்டபடி ஓடி வருவாய் என்று வாயைத் திறக்கவில்லை.

எனக்கு முழங்கால் வலி என்று பொய் சொல்லி அவரை டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டரிடம் முன்னமே ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தேன். அவர் மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்டார். அப்பா மூன்றையும் சொன்னதோடு, சுவர்க் கடிகாரம் நான்கு நிமிஷம் பின்னால் ஓடுகிறது என்றும் சொன்னார். டாக்டர் சும்மா என் பக்கம் திரும்பி, நீங்க சொல்லுங்கம்மா என்றார். எனக்குத் தொப்பி, ஆறு, இந்த இரண்டுதான் வந்தது. அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, எனக்குச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. வீட்டுக்கு வந்ததும், தப்பு என்று தெரிந்தும், அவர் சட்டைகளுக்கு அடியில் இருந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்குத் தேதி பன்னிரண்டு. நோட்டு முப்பது வரை நிரம்பியிருந்தது! கோடு போட்டு, மணி நிமிஷத்தோடு. "பதினேழு, காலை 10.40, அடுப்பில் பாலை மறத்தல்." "இருபது, மதியம் 1.15, தபால் நிலையத்துக்கு வழி மறத்தல்." நோட்டும் கையுமாகப் போய் நின்றேன். மனுஷர் கொஞ்சமும் அசரவில்லை. "முப்பது நாள் மறதி வேணும்னு கேட்டிருக்கா. கடைசி நேரத்துல அவசரப்படுவானேன்னு முதல் நாளே முடிச்சிட்டேன்" என்றார். அப்புறம் குடையை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்றேன். "எழுதினது நடக்கலைன்னா புள்ளையோட ஆராய்ச்சி பொய்யாப் போயிடாதா? அட்டவணைல போட்ட வண்டி ஓடித்தான் ஆகணும்" என்றார். தலையில் அடித்துக்கொள்வதா, அவரைக் கட்டிக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். இதோடு நிறுத்துங்கள் என்றதற்கு மட்டும் மசியவில்லை.

ஆனால் ஒரு பக்கத்தை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. "இருபத்து மூன்று, நாள் முழுவதும், மனைவியின் பிறந்தநாளை மறத்தல்." நேற்றுதான் அந்த இருபத்து மூன்று. காலையில் டீயை மேஜையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஓடினார். செய்தித்தாளின் ஒரே பக்கத்தை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை படித்தார். நீ போனில் வாழ்த்துச் சொன்னபோது அப்பா குளிக்கிறார் என்றேனே, அவர் குளிக்கவில்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நின்றார். மத்தியானம் தூங்குவது போல் கிடந்தார், கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் ஆக ஆக, நடிப்புதான் என்று தெரிந்தும் காலண்டரில் தேதியை இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். திடீரென்று எழுந்து வந்து நோட்டை மேஜையில் போட்டார். "ஆராய்ச்சி கெட்டாலும் கெடட்டும், இது மட்டும் என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டு, பிளாட்பாரத்தில் அறிவிப்பது போலத் தெருவுக்கே கேட்கும்படி எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்.

என் நோட்டையும் தூக்கிப் போட்டுவிடு. எனக்கென்று ஒரு மறதியும் இல்லாததால் இத்தனை நாளும் அவர் மறதியைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். அவரைத் திட்டாதே, உனக்காகச் செய்தது. நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். உன் வீட்டுச் சாவியில் ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை, நீ மறந்தால் உதவும். வயசு ஏறத்தான் செய்கிறது, இனி எனக்குப் பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று அவர் அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, கீழே சிவப்பு மையில் எழுதியதை மட்டும் நீ கணக்கில் சேர்த்துக்கொள், நோட்டிலேயே அது ஒன்றுதான் நிஜம்: "மறக்க முயன்றேன். மாலை 4.50 வரைதான் தாங்க முடிந்தது."

இப்படிக்கு,
உன் அம்மா