ஒரு டைல்ஸும் உடைக்காமல் நீ மாற்றிய பாத்ரூம்

என் ஆசைச் செல்வி அக்காவுக்கு,

நீ போனபிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. கேட்டால் சிரிப்பாய். "எவ்ளோ விஷயம் இருக்கு, போயும் போயும் பாத்ரூம் பத்தியாடா எழுதுவ?" என்பாய். ஆமாம் அக்கா, அதைப் பற்றித்தான். நீ வாழ்ந்த முதுநகரிலிருந்து உனக்கு ஒரு சேதி இருக்கிறது. உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலில் இருந்து வருகிறேன்.

உன் மாமியார், எனக்கு அத்தை, உங்கள் வாடகை வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வாக்கர் வைத்து நடக்க ஆரம்பித்த பிறகும் அந்தக் கதவுப் பக்கம் போக மறுத்துவிட்டார். "ஈரத் துணியால தொடச்சி வுடு செல்வி, போதும்" என்பார். தெருவுக்கே கேட்கும்படி சிரித்துப் பேசுகிறவர், யாராவது பார்க்க வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். தன்மேல் வாடை வருகிறதோ என்ற கூச்சம். அதைக் கண்டுபிடித்தது நீதான்.

அந்த பாத்ரூமை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். கடலோரத்து போர் தண்ணி. சுவர் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு, தரையில் பாசி, ஷவரில் பாதி ஓட்டை அடைப்பு. மூலையில் உடைந்த பக்கெட், காலி ஷாம்பு பாட்டில்கள். மங்கலாக ஒரு பல்பு.

உன் கணவர், எனக்கு மாமா, மொத்தத்தையும் இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்றார். மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "ஒரு டைல்ஸ் கூட ஒடைக்கக் கூடாது. அப்புறம் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பாக்குறது?"

நான் சிதம்பரத்திலிருந்து வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது. நீ ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். வெகுநேரம் சத்தமே இல்லை. மாமா பயந்துபோய்க் கதவைத் தட்டினார்.

"அத்த உக்கார்ற எடத்துல உக்காந்து பாத்தேன்" என்று வெளியே வந்தாய். "எதுக்க ஒரே இருட்டு. கைக்கு எட்டுற தூரத்துல புடிச்சிக்க ஒண்ணுமே இல்ல. தாப்பா போட்டா மாட்டிக்குவோமோன்னு எனக்கே பயமா இருக்கு. இடிக்கல்லாம் வேணாம். இத மட்டும் சரி பண்ணுவோம்."

அன்றைக்கே ஆரம்பித்தாய். வேண்டாத சாமானையெல்லாம் வெளியே எறிந்ததிலேயே பாத்ரூம் கொஞ்சம் பெரிதானது. மாமா ஆசிட் வாங்கி வந்தபோது திருப்பிக் கொடுக்கச் சொன்னாய். அந்த நெடி அத்தைக்கு ஆகாது, டைல்ஸ் இடுக்கில் இருக்கிற பூச்சையும் அரித்துவிடும் என்றாய். வினிகரில் தண்ணி கலந்து துணியை நனைத்து டைல்ஸ்மேல் ஒட்டி, ஊறவிட்டுத் தேய்த்தோம். ஒரு பிளாஸ்டிக் கவரில் வினிகரை ஊற்றி ஷவரின் தலையில் கட்டிவிட்டாய். மறுநாள் பார்த்தால் எல்லா ஓட்டையிலும் தண்ணி வந்ததாமே, போனில் சொன்னாய். இடுக்குகளில் வெள்ளை சிமெண்டை விரலாலேயே அப்பினாய். பல்பை மாற்றினாய். ஜன்னல் கண்ணாடியில் யாரோ எப்போதோ அடித்திருந்த பெயிண்ட்டைச் சுரண்டியதும் பகல் வெளிச்சம் உள்ளே வந்தது.

பக்கெட், மக், ஸ்டூல், வழுக்காத மேட் எல்லாம் கருநீலத்தில் வாங்கி வந்தாய். மாமா வெள்ளை கேட்டார். "வெள்ளைச் செவுத்துக்கு முன்னாடி வெள்ளை மக்க வெச்சா அத்த கண்ணுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாய். அடுத்த ஞாயிறு நான் வந்தபோது, கண்ணாடியை நீ பசையால் ஒட்டியிருந்த உயரத்தைப் பார்த்து நான்கூடச் சிரித்தேன். இடுப்பளவு உயரத்தில் யார் கண்ணாடி மாட்டுவார்கள்? "உக்காந்து குளிக்கிறவங்க எங்கடா மொகம் பாப்பாங்க?" என்று கேட்டாய். ரெடிமேட் கடையில் பில் போடுகிற உனக்கு இதெல்லாம் எப்படித் தோன்றியது அக்கா? அப்போதே கேட்டிருக்கலாம்.

கைப்பிடிதான் பாக்கி. அதற்குச் சுவரில் ஓட்டை போட வேண்டும். நீ வீட்டுக்கார அம்மாவைக் கீழே கூப்பிட்டு அந்த ஸ்டூலில் உட்காரச் சொன்னாய்.

"இப்ப எழுந்திரிங்கம்மா."

அவருக்கும் முழங்கால் வலி. எழுந்திருக்கும்போது உன் தோளைப் பிடித்தார்.

"நான் வேலைக்குப் போயிட்டா எங்க அத்த எதப் புடிப்பாங்கம்மா?"

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். "டைல்ஸ் கீறல் வுட்டுடுமே செல்வி."

"டேப் ஒட்டி மெதுவாப் போட்டா வுடாது. நீங்க பக்கத்துல நின்னு பாருங்க."

நின்று பார்த்தார். நான் ட்ரில்லைப் பிடித்து மெதுவாக ஓட்டை போட்டேன். கீறல் விழவில்லை. கைப்பிடியை மாட்டியதும் முதலில் பிடித்து இழுத்துப் பார்த்தது வீட்டுக்கார அம்மாதான்.

கதவைத் தாழ்ப்பாள் போடப் பயம், திறந்து வைக்கக் கூச்சம். அத்தையின் இந்தச் சங்கடத்துக்கு நீயே உள்பக்கம் ஒரு திரை தைத்துப் போட்டாய். முதல் நாள் அத்தை உள்ளே போனபோது நீ நடையில் உட்கார்ந்து காய் நறுக்கியபடி சீரியல் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தாய், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய. அத்தை பவுடர் பூசிக்கொண்டு வெளியே வந்தார். "எதுத்த வூட்டு அம்மா பாக்க வரேன்னாங்களே, வரச் சொல்லு" என்றார். நீ தலையைக் குனிந்து காயையே நறுக்கிக்கொண்டிருந்தாய். உன் கண்ணை நான் பார்த்தேன்.

அப்புறம் ஒருநாள் கடையிலேயே உனக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

நீ போனபிறகு அத்தை மறுபடி அந்த பாத்ரூமுக்குள் போகவில்லை. பழைய பயம் வந்துவிட்டது என்று மாமா நினைத்தார். நான் அத்தையைச் சிதம்பரத்துக்கு அழைத்து வந்தேன். வருவதற்கு முன்பே நானும் என் மனைவி மாலதியும் எங்கள் பாத்ரூமில் நீ செய்ததையெல்லாம் செய்து வைத்தோம். இங்கே ஒரு தயக்கமும் இல்லாமல் குளித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது பயம் இல்லை. முதுநகர் பாத்ரூமில் எதைத் தொட்டாலும் நீ இருந்தாய்.

போன வாரம் அத்தை மாலதியிடம் சொன்னார். "என்ன முதுநகர்ல கொண்டுபோய் வுடச் சொல்லு."

"ஏம்மா, இங்க எதுனா கொறையா?"

"ஒரு கொறையும் இல்ல. என் புள்ள அந்த பாத்ரூம தேச்சிருக்க மாட்டான். இன்னும் கொஞ்ச நாள் போனா உப்பு ஏறிக்கும். அவ பட்ட பாடெல்லாம் வீணாப்பூடும்."

ஞாயிற்றுக்கிழமை போனோம். நிஜமாகவே வெள்ளை படர ஆரம்பித்திருந்தது. அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து கைக்கு எட்டிய டைல்ஸை வினிகர் தொட்டுத் துடைத்தார். மேலே எட்டாததை மாமா தேய்த்தார். தரை என் வேலை.

முடிந்ததும் அத்தை துண்டைக் கேட்டார். உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். தண்ணிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அழுகையும் கேட்டது. மாமா எழுந்து ஓடினார். மாலதி தடுத்தாள். "வுடுங்கண்ணா. அழுவட்டும்."

வெளியே வந்தபோது அத்தையின் தலை நனைந்திருந்தது. முகம் தெளிந்திருந்தது. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "பசிக்குது. எதுனா இருக்கா?" என்றார். நீ போனபிறகு அவர் வாய்விட்டுச் சாப்பாடு கேட்டது அன்றைக்குத்தான். மாமா செருப்பைக்கூடப் போடாமல் இட்லி வாங்க ஓடினார்.

அத்தை இப்போது முதுநகரில்தான் இருக்கிறார். மாடியில் தன் பாத்ரூமுக்கும் ஒரு கைப்பிடி வேண்டும் என்று வீட்டுக்கார அம்மா என்னிடம் கேட்டிருக்கிறார். அடுத்த முறை போகும்போது மாட்டிக் கொடுத்துவிடுவேன்.

நீ கவலைப்படாதே அக்கா. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய் மாமாவோடு சேர்ந்து தேய்த்துக் கழுவிவிட்டு வருவேன். அத்தை குளித்துவிட்டு வந்ததும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் சிதம்பரம் பஸ் ஏறுவேன்.

உன் கூடப் பிறந்தவன்,
தம்பி குமார்