பின் வரிசையில் மூன்று பேர்

ஜூன் 3, திங்கள்

இன்றும் காரில் இரண்டு நடை. முதல் நடையில் மாமனாரும் நானும் என் பிள்ளைகள் இருவரும். அடுத்த நடையில் நாத்தனாரும் அவள் பெண்கள் இருவரும். அவர்கள் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் கேட்டைச் சாத்திவிட்டார்கள். பெரியவள் வெளியே நின்று அழுதாளாம். பதினொரு வயது. அழுததை அவள் சொல்லவில்லை, சின்னவள் போட்டுக்கொடுத்துவிட்டாள்.

நாத்தனாரின் கணவர் தவறிப்போய் நான்கு மாதம். அவர்கள் எங்களோடு வந்து மூன்று மாதம். எட்டுப் பேருக்கு இந்தச் சின்னக் கார் எப்படிப் போதும்?

"மூணு வரிசை வண்டி ஒண்ணு பாத்துடலாம்" என்றார் என் கணவர். கையில் இருப்பதைத் தாண்டிப் போவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டோம்.

ஜூன் 8, சனி

எல்லோருமாக ஷோரூமுக்குப் போனோம். விலைச்சீட்டைப் பார்த்ததுமே நமக்குப் பழைய வண்டிதான் என்று தெரிந்துவிட்டது. வந்ததற்கு ஏறியாவது பார்ப்போம் என்று ஏறினோம். முன் இருக்கை சோபா மாதிரி. நடு வரிசை பரவாயில்லை. மூன்றாவது வரிசையை முழங்காலே இல்லாத ஆட்களுக்காகச் செய்திருக்கிறார்கள்.

"குழந்தைங்க தாராளமா உக்காரலாம் மேடம்" என்றார் விற்பனையாளர்.

"நீ ஏறு, பாப்போம்" என்று நாத்தனாரின் பெரியவளிடம் சொன்னேன். ஏறி உட்கார்ந்தாள். அவள் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே கையை வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் இல்லை.

"என்னத்தை அளக்கறீங்க?" என்று கேட்டாள். சும்மா என்றேன்.

ஜூன் 12, புதன்

காலையில் நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறைக்கு ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கழுத்தில் பட்டை. சிக்னலில் நின்றிருந்த வண்டியை லாரி பின்னாலிருந்து இடித்திருக்கிறது. தட்டைச் சரிசெய்து, அசையாதீங்க என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனேன். அங்கிருந்தும் அவள் பேசுவது கேட்டது. "முன்னாடி இருந்தவங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லம்மா. ஒரு கீறல்கூட இல்ல." அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரையில் படம் வந்ததும் டாக்டர் போனை எடுத்தார்.

எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டு என்ன ஆகப் போகிறது?

ஜூன் 15, சனி

பழைய வண்டிச் சந்தை. வெயிலில் வரிசையாக நிற்கிற வண்டிகளைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும்போலத் தோன்றுகிறது. எதுவும் வாயைத் திறப்பதில்லை. புரோக்கர் மட்டும்தான் திறக்கிறார்.

சாம்பல் நிற வண்டி ஒன்று. ஏழு வருஷம் ஓடியது. "ஒரே கை. டாக்டர் வெச்சிருந்த வண்டி. பூ மாதிரி ஓட்டியிருக்கார்." எங்கள் கைக்கு எட்டுகிற விலை. எட்டுகிற விலை என்பதே எனக்கு உறுத்தலாக இருந்தது. முன் இருக்கைகளின் உறை நைந்து போயிருந்தது. நடு வரிசையில் பேனாக் கிறுக்கல். மூன்றாவது வரிசை மட்டும் புத்தம் புதிது, பிளாஸ்டிக் வாசனை போகவில்லை. "அங்க யாருமே உக்காந்ததில்லம்மா" என்றார் புரோக்கர்.

கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் இறங்கவே இல்லை. முன்பணம் கொடுத்துவிட்டார். மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு மீதி என்று நான் பிடிவாதம் பிடித்ததில் அதுவாவது நடந்தது.

ஜூன் 17, திங்கள்

எங்கள் பழைய காரைப் பார்த்துக்கொள்ளும் மீசைக்கார மெக்கானிக் வந்தார். கணவர் கடையை விட்டு வர முடியாததால் நான் மட்டும் போனேன். எஞ்சினைக் கேட்டார், தலையாட்டினார். கடைசி வரிசையின் கீழே விரிப்பைத் தூக்கினார். என் விரலைப் பிடித்து உலோகத்தில் ஓரிடத்தில் வைத்தார். தழும்பு மாதிரி ஒரு மேடு. வண்டியின் அகலத்துக்கும் போயிற்று.

"பின்பாதி வேற வண்டிம்மா. ரெண்டை வெட்டி ஒண்ணா ஒட்டியிருக்காங்க."

"ஓடுமா?"

"ஓடறதுக்கு என்ன, ஓடும். பின்னாடி இடி வாங்கினாத்தான் தீப்பெட்டி கணக்கா மடங்கிடும். அங்க ஆளை உக்கார வைக்காதீங்க. மூட்டை முடிச்சு வெச்சுக்கோங்க."

ஜூன் 18, செவ்வாய்

கணவரிடம் சொன்னேன்.

"அட்வான்ஸ் திரும்பி வராது. இந்த விலைக்கு எட்டுப் பேர் உக்காரற வண்டி வேற எங்க இருக்கு, நீயே சொல்லு."

"யாராவது பின்னாடி வந்து இடிச்சா?"

"எதுக்கு எடுத்த எடுப்புலயே அபசகுனமா பேசற? அதோட, நம்ம பசங்க நடுவுலதானே உக்காரப் போறாங்க."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

அப்போ பின்னாடி யாரு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஷோரூமில் அந்தப் பெண்ணை ஏறச் சொன்னதே நான்தானே? என் பிள்ளைகளை ஏன் ஏறச் சொல்லவில்லை?

ஜூன் 19, புதன்

நாத்தனாரிடம் சொல்லவில்லை.

ஜூன் 22, சனி

வண்டி வந்துவிட்டது. பழைய காரை மெக்கானிக்கே விற்றுக்கொடுத்தார். இனி அதுவும் இல்லை.

யார் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. மாமனார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார். என் பிள்ளைகள் நடு வரிசையில் ஜன்னலுக்குச் சண்டை போட்டார்கள். நாத்தனாரும் பெண்களும் குனிந்து, ஒருவர் பின் ஒருவராகக் கடைசி வரிசைக்குப் போனார்கள். ஏதோ பல காலமாக அங்கேயே உட்கார்ந்து வந்தவர்கள் மாதிரி. சின்னவள் பின்கண்ணாடியில் மூக்கை அழுத்தி, பின்னால் வருகிற வண்டிகளுக்கெல்லாம் கையசைத்தாள்.

வீடு வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 26, புதன்

பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு முனகல். உலோகமா, என் மனசா? கணவருக்குக் கேட்கவில்லையாம்.

நம்மை நாமே இப்படி ஏமாற்றிக்கொள்ள முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 1, திங்கள்

பள்ளிக்குப் போகிற வழியில் பாலத்தின் இறக்கம். பின்னால் மணல் லாரி. அவ்வளவு நெருக்கத்தில் அப்படி ஒரு ஹாரனை நான் கேட்டதில்லை. திரும்பினேன். நாத்தனார் இரண்டு கைகளையும் விரித்து இரண்டு பெண்களின் பின்தலையையும் பொத்திக்கொண்டு, தானும் தலை குனிந்திருந்தாள். பயந்தவள் செய்கிற காரியமாக அது இல்லை. தினமும் செய்து பழகியவள் செய்வதுபோல இருந்தது.

லாரி தாண்டிப் போய்விட்டது. கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

சாயங்காலம் துணி மடிக்கும்போது கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"கார் வித்த பேப்பர்ல கையெழுத்து வாங்க மெக்கானிக் வந்தார். நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. 'பின்னாடி யாரும் உக்காரலையே'ன்னு கேட்டார். ஏன்னு கேட்டேன், சொன்னார். அப்பவே தெரியும் அண்ணி."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா இடம் மாத்திக்கலாம்னு சொல்வீங்க. அப்ப உங்க பசங்க அங்க உக்காரணும். அது எனக்கு முடியாது." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "ரெண்டு நடை போலாம்னு சொல்வீங்க. எங்களால மறுபடியும் ரெண்டு நடையா? எங்கயாவது ஒரு இடம் குடுத்திருக்கீங்களேன்னுதான் உக்காந்தேன்."

மன்னிச்சுக்கோ என்று சொன்னேனா, மனசுக்குள் நினைத்ததோடு சரியா, இப்போது எழுதும்போதுகூடத் தெரியவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

"வித்துடலாம்" என்கிறார் கணவர். "ஒட்டின விஷயத்தை வெளிய சொல்லாம இருந்தா நல்ல விலைக்கே போகும்."

"வாங்கறவங்க வீட்லயும் கடைசி வரிசைல யாராவது உக்காருவாங்கல்ல?"

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பிள்ளைகளை இரண்டு நடையாகக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

நாத்தனாருக்கு ஒரு பெண்கள் விடுதியில் வேலை கிடைத்திருக்கிறது. தங்க ஓர் அறையும் தருகிறார்களாம். எப்போது தேடினாள், எப்போது போய்ப் பேசிவிட்டு வந்தாள்? இரண்டு பெட்டி, மூன்று பை. வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார் கணவர்.

"பஸ்லயே போய்க்கறோம்ணா" என்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெரியவள் என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல் "வரேன் அத்தை" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நான் அவள் தலையில் கை வைத்தேன்.

மாமனார் பேருந்து நிறுத்தம்வரை அவர்களோடு நடந்து போனார். அந்த முழங்காலோடு. திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஜூலை 15, திங்கள்

ஒரே நடை. எல்லோரும் தாராளமாக உட்கார்ந்தோம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாமனாரின் முழங்காலைக் காட்ட மருத்துவமனை. பிள்ளைகள் பள்ளியில். கணவர் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மாமனார் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நடுக் கதவைத் திறந்தார், இருக்கையை மடக்கினார், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

"அப்பா, என்ன பண்றீங்க? முன்னாடி வாங்க."

"என் பொண்ணு உக்காந்த எடம்தானேப்பா."

"மாமா, அந்த சீட்டு வேண்டாம்" என்றேன்.

"தெரியும்மா. அன்னைக்கு பஸ் ஸ்டாப்ல சொன்னா. நான்தான் முன்னாடி உக்காந்துட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி வந்திருக்கேன்." மகனைப் பார்த்து, "வண்டிய எடுப்பா" என்றார்.

கணவர் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து சாவியில் கையை வைத்தார். நானும் நடுக் கதவு வழியாக ஏறி, குனிந்து பின்னால் போய் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழங்கால் மார்பை இடித்தது. அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

வழியெல்லாம் கணவர் சாலை ஓரமாக, நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக ஹாரனை அழுத்தினார்கள். திட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள்.