கப்பலில் இருக்கிறார், டவர் இல்லை

என்னங்க,

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் கடலில் இருந்தபோதெல்லாம் போன் இருந்தது, சண்டை போட அதுவே போதுமாக இருந்தது. இப்போது போயிருக்கும் இடத்துக்கு எது வந்து சேரும் என்று தெரியவில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும், மறைக்க என்னிடம் இனி ஒன்றும் இல்லை.

மட்டாஞ்சேரி அப்படியேதான் இருக்கிறது. மழையில் ஓடை நிறைந்து வாசல் வரை தண்ணீர் வந்து போனது. எதிர் குடோனில் சுக்கு மூட்டை இறக்குகிறார்கள், எனக்குத் தும்மல் நிற்கவில்லை. துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல் ஹாரன் அடித்தால், தைத்துக்கொண்டிருக்கும் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு இன்னும் எழுந்து நிற்கிறேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது, எனக்குப் புத்தி வரவில்லை.

உங்கள் நம்பரை நான் துண்டிக்கவில்லை. தர்சினிக்காகத்தான். அவளிடம் நான் செய்ததை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அந்தப் படகின் கதையை நீங்கள் லீவில் வந்த அன்றே சொன்னீர்கள். பையைக்கூடப் பிரிக்கவில்லை. நடுக்கடலில் இன்ஜின் நின்ற மீன்பிடிப் படகு, முழங்கால் வரை தண்ணீர், நூறு பேருக்கு மேல், அத்தனை பேரும் இலங்கைத் தமிழர்கள். உங்கள் சரக்குக் கப்பலில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். டெக் ஆட்களுக்கு மூத்தவர், போசன். வெளிநாட்டுக் கேப்டன் மைக்கை உங்கள் கையில் கொடுத்தார்.

“ஒரே பக்கமா நெருக்காதீங்க, படகு கவுந்துடும். குழந்தைங்கள முதல்ல ஏத்துங்க” என்று கத்தினீர்களாம். கயிற்று ஏணி தொங்குகிறது, யாரும் தொடவில்லை. இடுப்பில் பெண் குழந்தையோடு நின்ற ஒருத்தி மட்டும் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

“அண்ணை, எங்களைத் திருப்பி அனுப்ப மாட்டியள் தானே?”

“மாட்டோம். ஏறுங்கம்மா.”

கேப்டன் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. கம்பெனி சொல்லவில்லை. எந்த நாடும் சொல்லவில்லை. நீங்களாகச் சொன்னீர்கள், அதை நம்பித்தான் ஏறினார்கள். பிறகு எந்தத் துறைமுகமும் வாங்கிக்கொள்ளாமல் கப்பல் நாள்கணக்கில் வெளியிலேயே நின்றது. கடைசியில் ஒரு நாடு இறக்கிக்கொண்டு முகாமில் அடைத்தது. இறங்கும்போது, அண்ணாந்து பார்த்துக் கேட்ட அந்தத் தர்சினி கையில் உங்கள் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு நீங்கள் கப்பலோடு கிளம்பிவிட்டீர்கள்.

அந்த ஒரு சொல்லுக்காக உங்களை எத்தனை முறை திட்டியிருப்பேன்? “அப்படிச் சொல்ல உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?” என்று கேட்பேன். “சொல்லலேன்னா ஏறியிருக்க மாட்டாங்கடி. ஏறலேன்னா இன்னிக்கு யாரும் உயிரோட இல்ல” என்பீர்கள். “சரி, ஏத்தின பிறகாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்ல?” உடனே சட்டையை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவள் கூப்பிடும்போது மட்டும் சரியாக வீட்டில் இருப்பீர்கள். அடுத்த கப்பலுக்கு மெடிக்கல் எடுக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே, அந்தக் கவலைதான் உங்களைத் தின்றது என்று இன்றும் நினைக்கிறேன்.

உங்களை எடுத்த மறுநாளும் ஞாயிற்றுக்கிழமைதான். வீடு நிறைய ஆட்கள். உங்கள் அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறார். போன் அடித்தது. எடுத்தேன்.

“அக்கா, அண்ணை வீட்டில நிக்கிறாரோ?”

“கப்பல்ல இருக்காரு, டவர் இல்ல.”

வேண்டுமென்று சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகை கொண்டு வந்தவர்களுக்கும், ரேஷன் கார்டு கணக்கெடுக்க வந்தவருக்கும், ஸ்கூல் மீட்டிங்கிலும் இருபத்திரண்டு வருஷமாக நான் சொன்ன ஒரே பதில் அது. கப்பல்காரன் பெண்டாட்டி எவளைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அடுத்த ஞாயிறு திருத்தியிருக்கலாம். அவள் முந்திக்கொண்டாள். முகாமில் எல்லோரும் சேர்ந்து மனு எழுதுகிறார்களாம். திருப்பி அனுப்ப மாட்டோம் என்று கப்பலில் வாக்குக் கொடுத்தார்கள், கொடுத்த போசன் சாட்சி சொல்லுவார் என்று அதில் போட்டிருக்கிறார்களாம். “அண்ணை கரைக்கு வந்ததும் ஒரு கடிதம் மட்டும் தரச் சொல்லுங்கோ.” இதைக் கேட்ட பிறகு எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

அந்தக் கடிதத்தைக் கம்பெனியிடமாவது வாங்கலாம் என்று எறணாகுளத்தில் உங்களை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்குப் போனேன். வைட்டிலாவில் பஸ் மாறி, நனைந்துகொண்டு. அங்கிருந்த பையன் நல்லவன்தான், சாயா வாங்கித் தந்தான். “சேச்சி, கப்பலுக்கு ரெஸ்க்யூ செய்யத்தான் ரூல். அது செஞ்சாச்சு. பின்ன உள்ளது கவர்மென்ட் காரியம். சேட்டன் மைக்கில பறஞ்சதுக்கு எந்தப் பேப்பரும் இல்லல்லோ” என்றான். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. சாயாவைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

எட்டு மாதம் உங்களைக் கடலிலேயே வைத்திருந்தேன். போன வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. ஞாயிறு இல்லாத நாளில் அடித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு எடுத்தேன், தர்சினிதான். மனுவைத் தள்ளிவிட்டார்களாம். பஸ் வந்து நிற்கிறதாம், நேரே விமான நிலையத்துக்கு, அங்கிருந்து இலங்கைக்கு. சனம் தரையில் உட்கார்ந்துவிட்டது, எழ மாட்டேன் என்கிறது.

இனியும் மறைக்கக் கூடாது என்று, “தர்சினி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணன்…” என்று தொடங்கினேன்.

“தெரியும் அக்கா. முதல் நாளே தெரியும். உங்கட வீட்டில அழுத சத்தம் கேட்டது. எங்கட ஊரில அந்தச் சத்தம் தெரியாத ஆக்கள் இல்லை.”

“பின்ன ஏம்மா வாரா வாரம் கேட்ட?”

“பக்கத்தில சனம் நிக்கும். அவையளுக்கு அவர் இருக்க வேணும். எனக்கு அதைச் சொல்ல வாய் வரேல்லை.”

தையல் மெஷின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நான் அவளை ஏமாற்றுகிறேன் என்று நான் நினைத்திருக்க, அவள் எனக்கும் சேர்த்து நூறு பேரைச் சமாளித்திருக்கிறாள். அப்போது அவள் சொன்னாள்: “பொலிஸ் தடியோட நிக்குது அக்கா. இன்னும் கொஞ்ச நேரத்தில இழுக்கப் போறாங்கள். பிள்ளையள் இருக்கினம். நான் சொன்னா சனம் கேக்காது. அண்ணையின்ட மனுசி சொன்னா கேக்கும். ஸ்பீக்கரில போடுறன். ஏறச் சொல்லுங்கோ.”

என்னவென்று சொல்ல? எனக்குத் தெரிந்தது உங்கள் வார்த்தைகள்தான். அவற்றையே சொன்னேன். ஒரே பக்கமா நெருக்காதீங்க. குழந்தைங்கள முதல்ல ஏத்துங்க. ஏறுங்கம்மா.

பிறகு யாரோ ஒரு வயதான அம்மா, போனுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து கேட்டார்.

“பிள்ளை, அங்க எங்களை ஒண்டும் செய்ய மாட்டினம் தானே?”

“மாட்டாங்கம்மா.”

நான்தான் சொன்னேன். யார் எனக்கு அதிகாரம் கொடுத்தது? ஒருவரும் இல்லை. எழுந்து நடக்கும் காலடிச் சத்தம் கேட்டது. குழந்தை ஒன்று தண்ணீர் கேட்டது. பிறகு போன் நின்றுவிட்டது.

ஞாயிறு வந்து போனது, அடிக்கவில்லை. தர்சினி நம்பருக்கு நானே கூப்பிட்டேன். அந்த நாட்டு மொழியில் ஒரு பெண் குரல் என்னவோ சொல்கிறது, புரியவில்லை.

இனி உங்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. படகுத்துறைக்கு ஏன் போனீர்கள் என்றும் கேட்க மாட்டேன். இந்த நம்பரை மட்டும் உயிரோடு வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அடித்தால், யாராக இருந்தாலும், நீங்கள் செத்துப்போனதைச் சொல்வேன். “மாட்டாங்க” என்று ஏன் சொன்னாய் என்று அந்த அம்மா கேட்டால், போனை வைக்காமல் முழுதும் கேட்டுக்கொள்வேன். கேட்பதற்கு அவர் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் சொல்லையே தானும் சொல்லிவிட்ட
உங்கள் மனைவி,
பூங்கோதை