மவுஸ் தொடாமல் விழுந்த டிக்

இன்று காலை என் மவுஸின் பேட்டரி தீர்ந்துபோனது. சாரலில் நனைந்துகொண்டு கடைக்குப் போகச் சோம்பல். டேப் விசையைத் தட்டித் தட்டித் திரையில் ஒரு செக்பாக்ஸுக்கு வந்து சேர்ந்து, ஸ்பேஸை அழுத்தினேன். டிக் விழுந்தது. அதன்பிறகு வேலை ஓடவில்லை. உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

தென்காசியில் துணிக்கடை மாடியில் நாம் இருவர் மட்டுமே நடத்திய கம்பெனி. நான் புரோகிராம் எழுதுவேன். நீ அதில் ஓட்டை கண்டுபிடிப்பாய். குற்றாலத்து லாட்ஜ் ஒன்றுக்கு ரூம் பதிவு செய்யும் பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. ‘குழந்தைகள் உண்டு’ என்ற செக்பாக்ஸில் டிக் போட்டால், கீழே வயதைக் கேட்கும் கட்டம் திறக்க வேண்டும்.

“ஏட்டி, டிக் விழுது. வயசு கேக்க மாட்டேங்கு,” என்றாய்.

“எனக்குக் கேக்குதே.”

“நீ மவுஸ்ல அமுக்குத. நான் ஸ்பேஸத் தட்டுதேன்.”

தப்பு எங்கே என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. டிக் மாறும்போது ஓட வேண்டிய புரோகிராம் வரியை, மவுஸ் பொத்தான் அழுந்தும்போது மட்டும் ஓடும்படி எழுதியிருந்தேன். ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். ஆனால் லாட்ஜ்காரர் எதிரே உட்கார்ந்திருந்தார். “அருவியில குளிக்க ரூம் போடுதவன் எவன் மவுஸத் தொடாம போடுவான்? கையத் தூக்கி மவுஸப் பிடிக்கக்கூட ஒனக்குச் சோம்பேறித்தனம்!” என்றேன். லாட்ஜ்கார அண்ணாச்சி சிரித்தார். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே வலது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாய். அதைப் பார்த்தேன்; ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு நீ வேலைக்கு வருவது குறைந்தது; அப்புறம் நின்றே போனது. நரம்பு தளர்ந்துபோகும் நோய் என்று உன் உம்மா போனில் சொன்ன பிறகுதான் உன் ஊர் அச்சன்புதூருக்கு ஓடி வந்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தாய். மவுஸைப் பிடிக்க முடியாமல்தான் விசைப்பலகைக்கு மாறியிருக்கிறாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

“அந்த டிக்கச் சரி பண்ணிட்டியாட்டி?”

“அன்னைக்கே பண்ணிட்டேன்ளா.”

பொய். அந்தப் பக்கம் அப்படியே வெளியாகி ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாடியேறி, பையைக்கூடக் கழற்றாமல் அந்த ஒரு வார்த்தையை மாற்றினேன். உன்னிடம் உண்மையைச் சொல்ல அடுத்த முறை வரலாம் என்றிருந்தேன். அடுத்த முறை உன் மையத்தை அடக்கும் அன்றுதான் வந்தேன்.

நாற்பதாம் நாள் கழிந்து உம்மாவைப் பார்க்கப் போனபோது, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவளுக்குத் தெரியும் மக்கா. நீ அங்கன படியெறங்கினதும் லேப்டாப்பக் கொண்டாரச் சொன்னா. ஒத்த விரலால என்னத்தையோ தட்டிப் பாத்துட்டு ஒரே சிரிப்பு. ‘பொய் சொல்லிட்டுப் போறா உம்மா. போய் எறங்கினதும் மொத வேலையா இதத்தான் செய்வா’ன்னா.”

“அப்புறம் தொறந்து பாத்தாளா?”

“இல்ல. பாக்கவே வேண்டாம்னுட்டா.”

நீ கையை ஒளித்ததைக் கண்டும் கேட்காதவளை நீ அவ்வளவு நம்பியிருக்கிறாய். இப்போது எந்தப் பக்கம் எழுதினாலும் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். எல்லாம் சரியாக வேலை செய்கிறது. செய்யும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.